சாலையில் சிந்திய ஆயிலைத் தண்ணீர் ஊற்றிக் கழுவாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வடகிழக்குப் பருவமழை தொடங்க இன்னும் சில வாரங்களே இருக்கின்றன. ஆண்டுதோறும் முதல் மழை பெய்யும் நாளில், நாமக்கல்லில் எங்கள் தெரு முனையில் இருசக்கர வாகனத்தில் வருகிறவர்கள் யாராவது வழுக்கி விழுவதைப் பார்த்து வருகிறேன். கொட்டும் மழையில் விழுந்தவர்களைவிட, தூறல் போட்டு நின்ற சிறிது நேரத்தில் விழுந்தவர்களையே நான் அதிகம் தூக்கி விட்டிருக்கிறேன். கோடை முழுவதும் சொட்டுச் சொட்டாக விழுந்து, புழுதியோடு புழுதியாகச் சாலையில் ஒட்டிக் கிடக்கும் ஆயில், அந்தத் தூறலில் மேலே மிதந்து மெல்லிய படலமாகப் பரவிவிடுவதுதான் காரணம். பெருமழை வந்தால் படலம் அடித்துச் செல்லப்பட்டுச் சாலை சுத்தமாகத் தெரியும். ஆனால் அந்த ஆயில் அப்போது மழைநீர் வடிகாலுக்குள் போயிருக்கும். மழைக்கு முன்பாகவே அதைத் தரையிலிருந்து எடுத்துவிட முடியும், அதற்கான பொருள் எங்கள் ஊரில் மூட்டை மூட்டையாகக் கிடக்கிறது என்பதைச் சொல்லவே இக்கடிதத்தை எழுதுகிறேன்.

நான் அரசுப் பள்ளியில் வேதியியல் கற்பித்து ஓய்வு பெற்றவன். என் வீடு லாரிப் பட்டறைகள் இருக்கும் பகுதியில் இருக்கிறது. நாமக்கல் லாரிகளுக்கும், பக்கத்தில் உள்ள திருச்செங்கோடு ஆழ்துளைக் கிணறு தோண்டும் ரிக் வண்டிகளுக்கும் பேர்போன ஊர்கள் என்பதைத் தங்கள் வாசகர்கள் அறிவார்கள். ஒரு ஸ்கூட்டரின் என்ஜினில் ஒரு லிட்டருக்கும் குறைவான ஆயில்தான் இருக்கும். சிறிய காரில் மூன்று, நான்கு லிட்டர் இருக்கும். லாரியிலோ பதினைந்து லிட்டரையும் தாண்டும். அடியில் இருக்கும், பழைய ஆயிலை வடிக்கத் திறக்கும் டிரெயின் போல்ட்டின் வாஷர் தேய்ந்துவிட்டாலோ, ஆயில் சீல் வெடித்துவிட்டாலோ, இரவு நிறுத்திய வண்டிக்குக் கீழே காலையில் ஒரு குட்டையே நிற்கும்.

சென்ற ஆண்டு புரட்டாசி மாதத்தில் அப்படித்தான் நின்றது. எஃப்.சி. எனப்படும் வாகனத் தகுதிச் சான்று வேலைக்காக வந்த லாரி ஒன்று இரவு முழுவதும் எங்கள் வீட்டுக்கு எதிரே நின்றுவிட்டு விடியற்காலையில் கிளம்பிப் போயிருந்தது. அது நின்ற இடத்தில் பேவர் பிளாக் தரையின் மேல் பெரிய அண்டாவின் வாயகலத்துக்குக் கருப்பு ஆயில் தேங்கிக் கிடந்தது. பள்ளிக்குப் பிள்ளைகள் போகும் நேரம் நெருங்கியதால் பதற்றத்தில் இரண்டு வாளித் தண்ணீரைக் கொண்டுவந்து அதன் மேல் ஊற்றியவன் நான்தான். ஓரிடத்தில் கிடந்த ஆயில் தண்ணீரில் மிதந்து, தெருவின் சரிவில் நாலைந்து வீடுகளின் வாசல் வரை ஓடியது. சற்று நேரத்தில், மகளைப் பின்னால் உட்கார வைத்துக்கொண்டு ஸ்கூட்டரில் வந்த பெண்மணி ஒருவர் மூன்றாவது வீட்டு வாசலில் சறுக்கி விழுந்தார். சிறுமிக்கு முழங்கையில் சிராய்ப்பு. தாய்க்கு மணிக்கட்டு எலும்பு முறிந்தது. ஆயில் சிந்தியது வேறு யாரோ என்றாலும், அந்த இடத்துக்கு அதைக் கொண்டு சேர்த்தது நான் ஊற்றிய தண்ணீர். இந்த விஷயத்தை நான் விடாமல் பேசி வருவதற்கு அதுவே காரணம்.

அதற்குப் பிறகு நடந்ததையும் சொல்ல வேண்டும். பட்டறைப் பையன் ஒருவன் மண்ணெண்ணெய் கொண்டுவந்து ஊற்றித் தேய்த்தான். தூய்மைப் பணியாளர் ஒருவர் பிளீச்சிங் பவுடரைத் தூவினார். நண்பகலில் யாரோ கழிப்பறைக்கு ஊற்றும் ஆசிட்டைக் கொண்டுவந்துவிட்டார்கள். இவை ஒவ்வொன்றும் நல்லெண்ணத்தில் செய்யப்பட்டவை, நம் ஊர்களில் எல்லா இடங்களிலும் செய்யப்படுபவை. ஆகவே ஒவ்வொன்றும் ஏன் தவறு என்று விளக்குவது என் கடமை என்று கருதுகிறேன்.

மண்ணெண்ணெய் ஆயிலைக் கரைக்கும் என்பது உண்மை. ஆனால் கரைத்த ஆயிலை அது எங்கும் கொண்டுபோய்விடாது. கெட்டியாக இருந்த ஆயிலை நீர்த்துப்போகச் செய்து, சிமெண்டின் நுண்துளைகளுக்குள் இன்னும் ஆழமாக இறங்க வைக்கிறது. மேலே நிறம் மங்குவதால் கறை போய்விட்டதாகத் தோன்றும். இரண்டு நாள் வெயில் பட்டதும் முன்னைவிட அகலமான வட்டமாகத் திரும்பி வரும். தார்ச்சாலையில் இதன் கேடு இன்னும் அதிகம். தாரே கச்சா எண்ணெயிலிருந்து கிடைப்பதுதான் என்பதால், மண்ணெண்ணெய், டீசல், பெட்ரோல் ஆகிய மூன்றும் அதை இளக்கிவிடும். ஜல்லியைப் பிடித்து வைத்திருக்கும் பிடிப்பு தளர்ந்து, முதலில் ஒரு கல் பெயரும். அடுத்த மழைக்குள் அங்கே ஒரு குழி விழும். நிற்கும் பேருந்துகளிலிருந்து டீசலும் ஆயிலும் ஓயாமல் சொட்டும் பேருந்து நிலையங்களில் தார் போடாமல் கான்கிரீட் தளம் போடுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

ஆசிட் செய்வது இதைவிடப் பெரிய ஏமாற்று. ஹைட்ரோகுளோரிக் அமிலம் என்ஜின் ஆயிலை ஒன்றும் செய்யாது. ஊற்றியவுடன் நுரைத்துப் பொங்குவது, சிமெண்டில் இருக்கும் சுண்ணாம்புச் சத்து அமிலத்தில் அரிபடுவதால்தான். அந்த நுரையைப் பார்த்துக் கறை கரைகிறது என்று நம்பிவிடுகிறோம். உண்மையில் தரையின் வழவழப்பான மேல்தோல் போய், சொரசொரப்பாகி, அடுத்த முறை சிந்தும் ஆயிலை அது முன்னைவிட வேகமாக உறிஞ்சிக்கொள்ளும். கடப்பா கல் பதித்த முற்றத்தில் ஆசிட் பட்டால், அந்தக் கல்லே சுண்ணாம்புக்கல் வகை என்பதால், மெருகு போய் வெளுத்துவிடும். பிறகு பாலிஷ் போட்டால்தான் உண்டு. பிளீச்சிங் பவுடர் கிருமிகளைக் கொல்லுமே தவிர ஆயிலை எடுக்காது. அன்று பவுடர் தூவியிருந்த அதே இடத்தில் ஆசிட்டை ஊற்ற முற்பட்டவரின் கையைப் பிடித்துத் தடுத்தேன். பிளீச்சிங் பவுடரும் ஆசிட்டும் சேர்ந்தால் குளோரின் வாயு வெளிவரும். மூச்சுக்குழாயை எரித்துவிடும் வாயு அது. தூய்மைப் பணியாளர்களிடம் இந்த இரண்டையும் ஒன்றாகக் கொடுத்து அனுப்புகிற மேற்பார்வையாளர்கள் இதைக் கட்டாயம் தெரிந்து வைத்திருக்க வேண்டும்.

சோப்புத்தூள் போட்டால் போகாதா என்று பலரும் கேட்கிறார்கள். இங்கே வேதியியலைச் சற்று விரிவாகவே சொல்ல விரும்புகிறேன். தேங்காயெண்ணெயோ நல்லெண்ணெயோ தரையில் சிந்தினால், சலவைச் சோடாவும் வெந்நீரும் போட்டுத் தேய்த்தால் போய்விடுகிறது. தாவர எண்ணெய்கள் காரத்தோடு வினைபுரிந்து தாமே ஓரளவு சோப்பாக மாறிவிடுவது இதற்குத் துணைசெய்கிறது. என்ஜின் ஆயில் பூமிக்கடியிலிருந்து எடுத்த கனிம எண்ணெய். அது எந்தக் காரத்தோடும் சேர்ந்து சோப்பாக மாறாது. சலவைத்தூளில் உள்ள மூலக்கூறுகள் ஒரு முனையால் ஆயிலையும் மறு முனையால் தண்ணீரையும் பிடித்துக்கொண்டு, ஆயிலைப் பொடிப்பொடித் துளிகளாக உடைத்து மிதக்கவிடும், அவ்வளவுதான். ஆகவே தேங்கிக் கிடக்கும் ஆயிலின் மேல் சோப்புத்தூளைக் கொட்டித் தண்ணீரை அடித்தால், தரை சுத்தமாகலாம். ஆனால் அத்தனை ஆயிலும் எளிதில் பிரிக்க முடியாத நுரையாக வடிகாலுக்குள் போய்ச் சேரும். சோப்புக்கு வேலை உண்டு. ஆனால் அது கடைசியில் வர வேண்டிய வேலை.

அன்று எங்கள் தெருவுக்கு வழி காட்டியவர், பக்கத்து லாரி பாடி கட்டும் பட்டறையில் மரவேலை செய்யும் பெரியவர் ஒருவர். "மொதல்ல தண்ணிய நிறுத்துங்க வாத்தியாரே, தூளைப் போட்டா ஆயிலை அதுவே குடிச்சுக்கும்ங்க" என்று சொல்லி, ஒரு சாக்கு மரத்தூளைத் தோளில் சுமந்துகொண்டு வந்தார். ஆனால் தரை ஏற்கெனவே நனைந்துவிட்டதால், மரத்தூள் தண்ணீரைக் குடித்து ஊறிப்போய்விட்டது. ஆயில் பெரும்பாலும் மேலேயே நின்றுவிட்டது. உலர்ந்த தூள் மட்டுமே ஆயிலை உள்ளே இழுக்கும். முதலில் தண்ணீரை ஊற்றிவிட்டால், அதன்பிறகு சரியான பொருளும் பயனற்றுப் போய்விடுகிறது என்பதை அன்று நேரில் கண்டேன்.

சில மாதங்கள் கழித்து, பக்கத்து வீட்டு மினி லாரி அதே போல் ஒரு தாம்பாள அளவுக்கு ஆயிலைச் சிந்தியபோது, நாங்கள் தண்ணீரைத் தொடவில்லை. முதலில் ஆயிலைச் சுற்றி மரத்தூளால் விரற்கடை உயரத்துக்கு வரப்புப் போல அணை கட்டினோம். பிறகு வெளியிலிருந்து உள்ளே நோக்கித் தூவினோம். நடுவில் கொட்டினால் ஆயில் ஓரங்களுக்குப் பிதுங்கி ஓடிவிடும். வைக்கோல் நிறத்தில் இருந்த தூள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அடியிலிருந்து கருத்து, கருப்பட்டிப் பொடியைப் போல உதிரி உதிரியாக ஆனது. கட்டைத் துடைப்பத்தால் லேசாக அழுத்தித் தேய்த்து, முறத்தில் வாரி ஒரு தகர டின்னில் போட்டோம். மறுபடியும் புதிய தூள், மறுபடியும் வாரினோம். மூன்றாம் முறை தூள் நிறம் மாறாமல் அப்படியே கிடந்தபோது, தரையின் மேலே எடுக்க வேண்டியதெல்லாம் வந்துவிட்டது என்று தெரிந்துகொண்டோம். அரை மணி நேரம்கூட ஆகவில்லை. தெருவில் ஒரு சொட்டும் ஓடவில்லை.

மரத்தூள் கிடைக்காத ஊர்களில், காய்ந்த தென்னை நார்க்கழிவும் அரிசி ஆலைகளில் கிடைக்கும் உமிச்சாம்பலும் இதே வேலையைச் செய்யும். இழைப்புளியில் விழும் சுருள் மட்டும் உதவாது. சுருள் ஆயிலின் மேல் மிதக்குமே தவிர நன்றாக உறிஞ்சாது. மணலைப் பற்றி ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். விபத்து நடந்த இடங்களில் ஆயிலின் மேல் மணலைக் கொட்டிவிட்டுப் போவதே நம் வழக்கமாக இருக்கிறது. அவசரத்துக்குச் சறுக்கலைக் குறைக்க அது உதவும். ஆனால் மணல் ஆயிலை உள்ளே உறிஞ்சுவதில்லை, மேலே பூசிக்கொள்கிறது. அதை உடனே கூட்டி எடுக்காமல் விட்டால், டயர்கள் அதை அரைத்து நூறடி தூரம் இழுத்துச் செல்வதோடு, காய்ந்த மணலே வளைவுகளில் இருசக்கர வாகனங்களைச் சறுக்கிவிடும். சிந்தியது பெட்ரோல் என்றால் இவை எதையும் செய்ய முற்படக் கூடாது. அதன் ஆவி நம் ஊர் வெப்பத்தில் ஒரு பொறிக்கே பற்றிக்கொள்ளும் என்பதால், ஆட்களை விலக்கிவிட்டுத் தீயணைப்புத் துறையை அழைப்பதே முறை.

ஏற்கெனவே தரைக்குள் இறங்கிவிட்ட பழைய கறைக்கு வேறு வழி உண்டு. எண்ணெய் விளக்கின் திரி எப்படி எண்ணெயை மேலே இழுக்கிறதோ, அப்படித்தான் சிமெண்டின் நுண்துளைகள் ஆயிலை உள்ளே இழுத்து வைத்திருக்கின்றன. அதைவிட நுண்மையான பொடி ஒன்றை மேலே அப்பி, அதன் வழியாகவே ஆயிலைத் திருப்பி இழுக்க வேண்டும். நான் பயன்படுத்தியது வாசலில் கோலம் போடும் கல்மாவு. நான்கு பங்கு கல்மாவுக்கு ஒரு பங்கு சலவைச் சோடா, ஒரு கைப்பிடி சலவைத்தூள் ஆகியவற்றைச் சேர்த்து, வெந்நீரில் அடை மாவுப் பதத்துக்குக் குழைத்து, கறையின் விளிம்பைத் தாண்டி இரண்டு விரல் அகலம் கூடுதலாக, அரை அங்குலக் கனத்துக்குப் பூச வேண்டும். சலவைச் சோடா கையை அரிக்கும் என்பதால் கையுறை தேவை. மேலே பாலித்தீன் தாளைப் போட்டு, ஓரங்களில் கல் வைத்து ஓர் இரவு விட்டுவிட்டு, மறுநாள் தாளை எடுத்துப் பூச்சை முழுவதுமாகக் காயவிட வேண்டும். காயும்போதுதான், ஈரத்தோடு சேர்ந்து ஆயிலும் பூச்சுக்குள் ஏறுகிறது. காய்ந்த பூச்சைச் சுரண்டி எடுத்தபோது, அதன் அடிப்பக்கம் பழுப்பேறியிருந்ததைப் பார்த்து நான் அடைந்த மகிழ்ச்சி கொஞ்சமல்ல. ஒரே முறையில் போய்விடும் என்று யாரும் எதிர்பார்க்கக் கூடாது. என் வாசலில் மூன்று முறை பூச வேண்டியிருந்தது. இப்போதும் மழை பெய்து தரை நனைந்தால் ஒரு மங்கலான நிழல் தெரிகிறது. ஆனால் கால் வழுக்குவதில்லை.

பேவர் பிளாக் தரைக்கென்று தனியாக ஒன்று சொல்ல வேண்டும். அந்தக் கற்கள் மணல் படுக்கையின் மேல் அடுக்கப்பட்டு, இடுக்குகளில் நிரப்பிய மணலால் இறுகி நிற்பவை. வாகனம் கழுவும் அழுத்தக் குழாயால் கறையை அடித்தால், இடுக்கு மணல் வெளியேறி, கல் ஆட ஆரம்பித்துவிடும். ஆயில் கலந்த தண்ணீர் அதே இடுக்கு வழியாக அடிமண்ணுக்குள் இறங்கும். மிகவும் ஊறிப்போன கற்கள் பத்துப் பன்னிரண்டு இருந்தால், அவற்றை மட்டும் பெயர்த்தெடுத்து, அடியில் கருத்திருக்கும் மணலையும் வாரிவிட்டு, புதிய மணலிட்டுப் புதிய கற்களைப் பதித்துவிடலாம். தனித்தனியாகக் கழற்றி மாற்ற முடியும் என்பதே அந்தத் தரையின் பெரிய வசதி. அப்படியிருக்க, ஒரு கறைக்காக முழுத் தெருவையும் பெயர்த்துப் போடும் ஒப்பந்தங்களை நான் பார்த்திருக்கிறேன்.

இனி, வாரிய மரத்தூள் எங்கே போக வேண்டும் என்ற கேள்வி. இதில்தான் நாம் அனைவரும் தடுமாறி நிற்கிறோம். அதைக் குப்பை மேட்டில் கொட்டினால் மழையில் கசியும். தெருவோரம் வைத்துக் கொளுத்தினால் நச்சுப் புகை. தென்னை மரத்தடியில் கொட்டுகிறவர்களையும் பார்க்கிறேன். அது மண்ணைப் பாழாக்கும் செயல். பயன்படுத்திய என்ஜின் ஆயிலில் என்ஜினிலிருந்து தேய்ந்த உலோகத் துகள்களும், எரிபொருள் எரிந்து உண்டான நச்சுச் சேர்மங்களும் இருக்கின்றன. நெடுநாள் தோலில் பட்டுவந்தால் தோல் புற்றுநோய்க்கு இடமளிக்கக் கூடியது அது. 2016-ஆம் ஆண்டின் அபாயகரக் கழிவு விதிகள், பயன்படுத்திய ஆயிலை மட்டுமன்றி, தொழிற்கூடங்களில் அதைத் துடைத்த பஞ்சையும் துணியையும்கூட அபாயகரக் கழிவாகவே பட்டியலிட்டிருக்கின்றன. பயன்படுத்திய ஆயிலைத் திரும்பச் சேகரித்து மறுசுழற்சிக்கு அனுப்பும் பொறுப்பு 2023-இல் கொண்டுவரப்பட்ட திருத்தத்தின்படி ஆயில் உற்பத்தியாளர்கள் மேலேயே சுமத்தப்பட்டு, 2024 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்துள்ளது. ஆனால் எங்கள் பகுதிப் பட்டறைகளில் வடித்த ஆயில் இன்றும் பீப்பாய்க்காரரிடம் விற்கப்பட்டு, கான்கிரீட் வார்க்க அடைக்கும் சென்ட்ரிங் பலகைக்குப் பூசவும் அடுப்பெரிக்கவும் போய்க்கொண்டிருக்கிறது.

வீடுகளில் சேரும் சிறிதளவு அபாயகரக் கழிவைப் பெற்றுக்கொள்ள, 20 சதுர கிலோமீட்டர் பரப்புக்கு ஒரு மையமாவது உள்ளாட்சி அமைப்பு வைக்க வேண்டும் என்று 2016-ஆம் ஆண்டின் திடக்கழிவு மேலாண்மை விதிகளிலேயே கூறப்பட்டது. அப்படி ஒரு மையம் எங்கே இருக்கிறது என்று எங்கள் பகுதியில் கேட்டுப் பார்த்தேன். சொல்லத் தெரிந்தவர் ஒருவரும் இல்லை. என் வீட்டில், மூடி போட்ட தகர டின்னில், அந்த மினி லாரியின் ஆயிலைக் குடித்த மரத்தூள் இன்னும் இருக்கிறது. அதை யாரிடம் ஒப்படைப்பது என்று எனக்குச் சொல்லப்பட வேண்டும்.

வடிகாலுக்குள் போகும் ஆயில் என்னாகும் என்பதை 2023 டிசம்பரில் சென்னை கண்டது. மிக்ஜாம் புயல் வெள்ளத்தில் மணலித் தொழிற்பகுதியிலிருந்து வெளியேறிய எண்ணெய், பக்கிங்காம் கால்வாய் வழியாக எண்ணூர்க் கழிமுகத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது, மீனவர்கள் படகுகளில் சென்று வாளியாலும் கையாலும் அதை அள்ளியதைத் தொலைக்காட்சியில் பார்த்தோம். அது பெரிய அளவில் நடந்த கேடு. எங்கள் தெருவில் நடப்பதை அதோடு ஒப்பிடவில்லை. ஆனால் தண்ணீர் ஆயிலைச் சுமந்து செல்லும் விதம் இரண்டிலும் ஒன்றே. நீரில் கலந்த பிறகு அதைத் திரும்ப எடுப்பது எவ்வளவு கடினம் என்பதும் ஒன்றே.

ஆகவே மாநகராட்சி நிர்வாகத்துக்கும், லாரி உரிமையாளர்களுக்கும், பட்டறை நடத்துபவர்களுக்கும் தங்கள் நாளிதழ் வழியாகச் சில வேண்டுகோள்களை வைக்கிறேன். மரவேலை நடக்கும் பாடி கட்டும் பட்டறைகளில் தினமும் சேரும் மரத்தூளில், ஒவ்வொரு தெருவுக்கும் இரண்டு சாக்கு, நனையாமல் மூடி வைக்கப்பட வேண்டும். தார்ப்பாயின் கீழ் இல்லாமல் மழையில் நனைந்த தூளால் ஒரு பயனும் இல்லை. இரவில் தெருவில் நிறுத்தப்படும் ஒவ்வொரு லாரியின் அடியிலும், பழைய ஆயில் கேனை நீளவாக்கில் அறுத்துச் செய்த தட்டையாவது வைக்க வேண்டும். இதற்கு ஒரு ரூபாய்கூடச் செலவில்லை. எஃப்.சி. காட்ட வரும் வண்டியின் அடியில் ஆயில் கசிகிறதா என்பதை வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் ஓர் அட்டையை விரித்து வைத்தே பார்த்துவிடலாம். தூய்மைப் பணியாளர்களுக்கு இந்த வேலைக்கென்று ரப்பர் கையுறையும், மூடியுள்ள டின்னும் தரப்பட வேண்டும். நிரம்பிய டின்களை வாரம் ஒரு முறை ஒரே இடத்தில் சேர்த்து, அபாயகரக் கழிவைக் கையாள அனுமதி பெற்றவர்களிடம் ஒப்படைக்கும் ஏற்பாட்டை, மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் மாவட்ட அலுவலகத்தோடு கலந்து மாநகராட்சி செய்ய வேண்டும்.

எங்கள் தெருவில் உள்ள நான்கு பட்டறைக்காரர்கள் தங்கள் வாசலில் மரத்தூள் சாக்கு வைக்க ஒப்புக்கொண்டுவிட்டார்கள். சேகரிக்கும் டின்னை எடுத்துச் செல்ல வண்டி எந்த நாளில் வரும் என்பதை மட்டும் மாநகராட்சி தெரிவித்தால், ஐப்பசி மழைக்கு முன்பே நாங்கள் தொடங்கத் தயாராக இருக்கிறோம்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
ஓய்வுபெற்ற வேதியியல் ஆசிரியர்,
நாமக்கல்.